ஏழு மணி இருபத்து மூன்று நிமிடம்

ஆவணி 2, திங்கட்கிழமை

காலை ஆறு மணிப் பதிவு. நான் நேரம் காக்கும் இந்த மருத்துவமனையின் பதினோரு கணினி சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்திசைவில் உள்ளன. மிகுந்த விலகல் நான்காவதில்: ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் மூன்று கூறு. செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் மாடிக் கடிகாரம் தெளிவு.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்காக வாங்கிய பன்னிரண்டாம் சர்வருக்கு இன்று அப்பிரிவிலேயே தொடக்க விழா. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள் என்று அழைப்பிதழில் அச்சிட்டவர்கள் நிர்வாகத்தாரே. ஏழரைக்கு மேல் இராகு காலம் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னவன் நான். ஆறரை மணிக்கே அர்ச்சகர் கலசம் வைத்துக் காத்திருந்தார். அறங்காவலர் குற்றாலிங்கத்தின் கார் வாசலில் நுழைந்தபோது மணி ஏழு முப்பத்தெட்டு. இறைவனைக் காக்கவைத்துவிட்டு ஒரு மனிதர் வீட்டில் நிதானமாகக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார்!

“என்ன அண்ணாச்சி, மொகத்த இப்படி வச்சிருக்கிய? ரெண்டு நிமிசம் முன்ன பின்ன ஆகத்தான செய்யும்?”

“எட்டு நிமிசம். ராகு காலம் பொறந்தாச்சு” என்றேன்.

“அப்ப அத நல்ல நேரமாக்குங்க. நேரம் ஒங்க கையிலதான இருக்கு?” என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். போர்க்களத்தில் பரந்தாமன் ஆழியால் ஆதவனை மறைத்ததையும் எடுத்துக்காட்டினார். அந்த நேரத்தில் மறுமொழி எதுவும் தோன்றவில்லை.

விழா இனிதே நிறைவேறியது. அவர் பொத்தானை அழுத்தியதும் அச்சாகி வந்த முதற்பதிவுத் தாளில் 7:23 என்றிருக்கிறது. அத்தாளையும் அந்நேரத்துப் புகைப்படத்தையும் ஒரே சட்டத்தில் அடைத்து வரவேற்பறையில் மாட்டப் போகிறார்களாம். அதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

சர்க்கரைப் பொங்கலில் நெய் தாராளம். சூடாக இருக்கும்போதே உண்ண அழைத்தார்கள், போனேன்.

ஆவணி 5, வியாழன்

கணினிப் பிரிவின் தலைவர் ஹரிஹரசுதன் என் அறையில் புதுத் திரை ஒன்றை மாட்டியிருக்கிறார். பன்னிரண்டு வரிகள், வரிக்கொரு பச்சைப் புள்ளி, பக்கத்தில் விலகலின் அளவு. இதுவரை பழைய பதினோரு சர்வர்களையும் நானே தனித்தனியாகக் கேட்டு, செயற்கைக்கோள் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதிவந்தேன்; பன்னிரண்டாவது இன்று மாலைதான் பதிவேட்டில் சேர்கிறது. இனி அது வேண்டாமாம்.

“நோட்டுல எழுதுத பழக்கத்த விடுங்க அண்ணாச்சி. இந்தக் காலத்துல யாரு அதப் பாக்கப் போறா?”

முப்பத்தாறு ஆண்டு தொலைபேசி இலாகாவில் நேரம் காத்தவனிடம், பிறந்த நேரத்தையே கைபேசியில் தேடிப் பார்க்கும் தலைமுறை பேசுகிற பேச்சு இது. யார் பார்க்கப் போகிறார்களாம்! நாள்தோறும் வான்வீதியில் வலம் வருகிற ஆதவன் யாரேனும் பார்க்கிறார்கள் என்றா வருகிறான்?

பதிவேட்டை நான் விடவில்லை. ஆனால் கண் புரை நாளுக்கு நாள் கூடுகிறது. அதனால் திரையில் உள்ளதைப் பார்த்தே எழுதிக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் சர்வர்: 0.000. புதிய இயந்திரம், ஒழுக்கமாக இருக்கிறது.

ஆவணி 8, ஞாயிறு

பன்னிரண்டாம் சர்வர்: 0.000. மூத்தவை இதனிடம் பாடம் கேட்க வேண்டும்.

ஆவணி 11, புதன்

மருத்துவமனைச் சுவரை ஒட்டி அம்மன் கோயில். மாலை நான்கு மணிக்கு நடை திறக்கும் மணி, குளிரூட்டியின் இரைச்சலையும் மீறி என் அறைக்குக் கேட்கும். கேட்டதும் எழுந்து கைகூப்புவேன். சென்ற மாதம் வரை அந்த மணி நாளுக்கொரு நேரத்தில் ஒலித்தது. ஒருநாள் ஆறு நிமிடம் பிந்தியது. உலகையெல்லாம் ஈன்றவளை ஆறு நிமிடம் இருட்டில் நிறுத்தி வைப்பதா? நேரே போய் அர்ச்சகரிடம் கேட்டேன். அவர் கடிகாரத்தின் மீது பழி போட்டார். மறுநாளே புதுக் கடிகாரம் வாங்கி, நானே நேரத்தைச் சரியாக வைத்துக் கருவறைக்கு எதிரே மாட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்த மணி பிசகியதில்லை. இன்றும் நான்கடித்து இரண்டாவது நொடி.

வீட்டில் உலகம்மாள் கேலி செய்கிறாள். “சாமிக்கே மணி பாத்துச் சொல்லுத ஆளு நீங்கதான். நம்ம வீட்டுக் கடியாரம் ஓடி மூணு மாசமாச்சு, அதுக்கு ஒரு பேட்டரி போடக் காணும்.”

ஆவணி 19, வியாழன்

நேற்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் இறந்தார். வீரவநல்லூர் நெசவாளர் ஆவுடையப்பன், வயது அறுபத்தொன்று. இருதயம் தடுமாறியதும் படுக்கையருகேயுள்ள கருவி அபாய ஒலி எழுப்பியிருக்கிறது. அந்த ஒலி எழுந்த நேரத்தைப் பன்னிரண்டாம் சர்வர் 3:53 என்று பதிந்து வைத்திருக்கிறது. பணியில் இருந்த செவிலி ஜெபக்கனி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்ததோ 4:12க்கு. தொலைபேசி இணைப்பகத்தின் பதிவும் அதுவே. அவள் தன் கையால் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதியதும் அதுவே.

இடையில் பத்தொன்பது நிமிடம்!

பத்தொன்பது நிமிடம் ஓர் உயிர் வாசலில் நின்று கூவியிருக்கிறது, கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. பாலனுக்காகக் காலனையே காலால் உதைத்துத் தள்ளிய கருணையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உதைக்க வேண்டாம், எழுந்து நடந்திருக்கலாம். இதற்கு மேல் எழுதினால் தகாத சொல் வரும்.

ஆவணி 21, சனி

ஜெபக்கனியைப் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை விசாரணை. வெளியூரிலிருந்து மூத்த மருத்துவர் மெகருன்னிசா தலைமை தாங்குகிறார். குற்றம் உறுதியானால் அவளுடைய செவிலியர் பதிவே பறிக்கப்படும். இனி எந்த மருத்துவமனையிலும் அவள் வேலை பார்க்க முடியாது.

தகும் என்றே நினைக்கிறேன்.

ஆவணி 23, திங்கள்

அறங்காவலர் என்னை அழைத்து ஒரு தாளை நீட்டினார். “இம்மருத்துவமனையின் சர்வர்கள் அனைத்தும் நாள்தோறும் கண்காணிக்கப்பட்டு, சரியான நேரத்தில் இயங்கி வருகின்றன” என்று அச்சாகியிருந்தது. செவிலியின் தரப்பு கணினியின் நேரத்தை ஐயுறுகிறதாம்.

என் கடிகாரங்களை ஐயுறுவதா? தன் காதைக் குறை சொல்லத் துணிவில்லாதவர்கள் காலத்தைக் குறை சொல்கிறார்கள்! பதிவேட்டை மேசைமேல் போட்டு, “இந்தா இருக்கு. தெனம் ரெண்டு வேளை எழுதினது” என்றேன்.

“அதுக்குத்தான் அண்ணாச்சி, ஒங்கள வச்சிருக்கோம்” என்றார் அவர்.

கையொப்பமிட்டேன். ஐயத்துக்கு எள்ளளவும் இடமில்லை என்று என் கையாலேயே கீழே ஒரு வரியும் சேர்த்தேன்.

ஆவணி 25, புதன்

மாலை ஐந்து மணிக்கு என் அறை வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். சீருடை இல்லாததால் யாரென்று முதலில் தெரியவில்லை.

“ஜெபக்கனி ஐயா.”

விசாரணைக்கு முன் என்னிடம் பேசுவது முறையன்று என்றேன்.

“சிபாரிசுக்கு வரல ஐயா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். மெஷினு கத்துனதும் நான் ஓடுனேன். ஆளப் பாத்துட்டு, சுவத்துக் கடியாரத்தப் பாத்துட்டு, போனு பண்ணுனேன். ஒரு நிமிசங்கூட ஆவல. கம்ப்யூட்டரு மட்டும் எப்படி மூணு அம்பத்து மூணுங்கு?”

“கடைத்தெருவுல வாங்குன சுவர்க் கடியாரத்த நம்புவியா, வானத்துலேருந்து வாங்குன நேரத்த நம்புவியா?” என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துதான் இருந்தது.

அவள் அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலும்.

“கடியாரத்த விட்டுருங்க ஐயா. பக்கத்துக் கோயில்ல சாயங்காலம் மணி அடிப்பாகள்லா? அன்னைக்கு அது அடிச்சு ஓஞ்சு பத்து நிமிசம் கழிச்சுதான் மெஷினு கத்துச்சு. அந்த மணி அடிக்கையில நான் ஆவுடையப்பன் ஐயாவுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தேன். ‘அம்மனுக்கு நட தொறந்தாச்சு’ன்னு சொல்லிக் கையெடுத்துக் கும்புட்டாக. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. எனக்கு அந்த மணியில பொய் சொல்லி என்ன ஆவணும்?”

கோயில் மணி பிந்தியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது “போம்மா” என்பதுதான். போய்விட்டாள்.

அந்த மணி பிந்தாது. பிந்தாமல் இருக்கும்படி செய்தவன் நான்.

வீட்டில் சோற்றைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன். உலகம்மாள் இரண்டு முறை கேட்டாள். தலைவலி என்றேன்.

ஆவணி 26, வியாழன்

காலை ஐந்தரைக்கே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். நீராடினேன், நீறு பூசினேன், பதிகம் ஓத மறந்தேன். அறுபது ஆண்டில் இதுவே முதல் முறை.

முதலில் பதிவேட்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மற்றப் பதினோரு சர்வர்களும் 0.003, 0.001, 0.004 என்று சிறிது முந்தியும் சிறிது பிந்தியும் ஆடுகின்றன. ஓடுகிற கடிகாரம் அப்படித்தான் ஆடும்; மூச்சு விடுகிற மார்பு அசைவதுபோல. பன்னிரண்டாவதற்கு மட்டும் 0.000, 0.000, 0.000. நாற்பத்தொரு பதிவுகள். நாற்பத்தொன்றும் என் கையெழுத்து. முதல் வாரத்திலேயே பயிற்சிக்கு வந்த எந்தப் பையனும் ஐயப்பட்டிருப்பான். நான் அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்தேன்.

பிறகு திரையை நம்பாமல், பழைய முறைப்படி அந்த சர்வரையே நேராகக் கேட்டேன். அது சொன்ன நேரம் உண்மை நேரத்துக்கு 18 நிமிடம் 34 நொடி பின்னே இருந்தது.

நேரத்தை ஒத்திசைக்கும் நிரல் அதனுள் ஓடவே இல்லை. தன் நேரத்துக்கும் செயற்கைக்கோளின் நேரத்துக்கும் ஆயிரம் நொடிக்கு மேல் வேறுபாடு கண்டால் அந்த நிரல் எதையும் திருத்தாது. இதில் ஏதோ பெரும் பிழை உள்ளது, மனிதன் வந்து பார்க்கட்டும் என்று தானே நின்றுவிடும். நின்றுபோன நிரல் எப்படி விடை சொல்லும்? விடை வராத இடத்தில் ஹரிஹரசுதனின் திரை பச்சைப் புள்ளி வைத்து, சுழியம் போட்டுக் காட்டியிருக்கிறது. ஊமையனை நிரபராதி என்று எழுதும் நீதிமன்றம்!

பதினெட்டு நிமிடம் என்பது ஆயிரத்து எண்பது நொடி.

தொடக்க விழா அன்று இராகு காலத்தில் பதிவு விழக்கூடாது என்று சர்வரின் கடிகாரம் பதினெட்டு நிமிடம் பின்னே தள்ளப்பட்டது.

மேலே உள்ள வரியை அடித்துவிட்டேன். தள்ளப்படவில்லை. நான் தள்ளினேன். ஏழு நாற்பத்தொன்றை ஏழு இருபத்து மூன்றாக்கினேன். “ஏழரைய ஒட்டி இருந்தா பாக்கிறவன் சிரிப்பான், கொஞ்சம் தள்ளியே போடுங்க” என்றார் அறங்காவலர்; தள்ளியே போட்டேன். பத்து நிமிடங்களுக்குப் பின் நிரலை மீண்டும் ஓடவிட்டேன், அது தானே திருத்திக்கொள்ளும் என்று. திருத்தியதா என்று நின்று பார்க்கவில்லை. பொங்கல் ஆறிவிடும் என்று அழைத்தார்கள். சரிபார்க்காமல் நான் உண்டது அந்த ஒரு வேளைதான்.

அபாய ஒலி எழுந்தது 3:53க்கு அல்ல. 4:11க்கு. அவள் ஒரு நிமிடத்துக்குள் அழைத்திருக்கிறாள்.

ஆவணி 27, வெள்ளி

அறங்காவலரிடம் சொன்னேன். ஹரிஹரசுதனும் இருந்தார். இருவரும் முதலில் கதவைச் சாத்தினார்கள்.

“இப்பவே போயி நேரத்தச் சரி பண்ணிருதேன்” என்று எழுந்தார் ஹரிஹரசுதன்.

“விசாரணக் குழு கண்ணால பாக்கிற வரைக்கும் அதத் தொடக்கூடாது. தொட்டா நேரா போலீசுக்குப் போவேன்” என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே வியப்பு. அவர் உட்கார்ந்துவிட்டார். திரையில் சுழியம் விழுந்த கதை வெளியே வருமே என்ற அச்சம் அவருக்கு.

குற்றாலிங்கம் கோபப்படவில்லை. அதுதான் என்னை எரித்தது. “அண்ணாச்சி, நல்ல நேரத்துக்காகச் செஞ்ச காரியம். கெட்ட எண்ணம் யாருக்கு இருந்துச்சு? இது வெளிய போனா ஆஸ்பத்திரி பேரு என்னத்துக்காகும்? நாளைக்கு நீங்க வர வேண்டாம். ஒடம்புக்கு முடியலன்னு நான் சொல்லிக்கிடுதேன். அந்தப் பிள்ளைக்கு வேற எங்கயாவது ஒரு வழி பண்ணுவோம்.”

“நர்ஸ் பதிவ எடுத்துட்டா எங்க வழி பண்ணுவிய?”

“பரந்தாமனே சூரியன மறைக்கலியா? அன்னைக்குச் சொன்னேம்லா, நீங்களுந்தான கேட்டிய?”

அன்று தோன்றாத மறுமொழி இன்று தோன்றியது. “மறைச்சான். நகத்தல. ஆழிய எடுத்ததும் சூரியன் இருந்த எடத்துலயே இருந்தான். நாம சூரியனையே நகத்திட்டு, பொங்கல் திங்கப் போனோம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படிகளில் வேகமாக இறங்கினேன். சினத்தினால் என்று எழுதத்தான் ஆசை. அச்சத்தினாலும்தான். நாளை அவையில் என் கையொப்பத்தை எனக்கெதிராக நானே படித்தாக வேண்டும்.

உலகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்திலிருந்த உளுந்தைக் கீழே வைத்தாள்.

“போகாம இருந்துரலாம்னு ஒரு நினப்பு இருக்கு போல?”

ஓடாத சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“அந்தப் பிள்ள வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டு நீங்க துண்ணூறு பூசுனா, அது நெத்தியில நிக்குமா?”

ஆவணி 28, சனி

பத்தரை மணிக்கு விசாரணை. அதற்கு முன் வரவேற்பறைக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த அந்தச் சட்டத்தைக் கழற்றினேன். காவலாளி, “ஐயா, அது மொதலாளி படம்” என்று ஓடிவந்தான். “படமில்ல, சாட்சி” என்று சொல்லி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அறையில் மருத்துவர் மெகருன்னிசா நடுவில்; ஒரு பக்கம் ஜெபக்கனி; எதிரே இறந்தவரின் மகன், மொட்டையடித்த தலையோடு. என்னைக் கண்டதும் குற்றாலிங்கம், “அண்ணாச்சிக்கு ஒடம்பு...” என்று தொடங்கினார். “எனக்கு ஒரு கேடும் இல்ல” என்றேன்.

சட்டத்தை மேசைமேல் வைத்தேன். இடப்பக்கம் முதற்பதிவுத் தாள்: 7:23. வலப்பக்கம் அந்நொடியில் எடுத்த புகைப்படம்: அறங்காவலர் பொத்தானை அழுத்துகிறார், அவர் தலைக்கு மேலே தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவர்க் கடிகாரம், அதில் ஏழு நாற்பத்தொன்று. ஜெபக்கனி பார்த்து எழுதியதும் அதே கடிகாரத்தைத்தான். கடைத்தெருவில் வாங்கியது. ஒரு மாதமாக அந்தப் பொய்யும் மெய்யும் ஒரே கண்ணாடிக்குள் வரவேற்பறையில் தொங்கியிருக்கின்றன. அங்கே வந்துபோன ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நானும் நாள்தோறும் அதைக் கடந்துதான் போனேன்.

“சர்வரோட நேரத்த யார் மாத்தினது?” என்று கேட்டார் மருத்துவர்.

“நான்.”

“சரியா இருக்குன்னு சர்ட்டிபிகேட் குடுத்தது?”

“நான்தான்.”

குழுவினர் என் அறைக்கு வந்து, இரு நேரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஆவுடையப்பனின் மகன் எழுந்தான். “அப்ப எங்க அப்பாவ இவங்க சாவ விடலியா?”

“இல்ல தம்பி. ஒரு நிமிஷத்துல டாக்டரைக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு மேல யார் கையிலயும் இல்ல” என்றார் மருத்துவர்.

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்து நாளாக அவன் ஒரு பெண்ணை வெறுத்திருக்கிறான். அந்த வெறுப்பையும் நானே அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். செய்யாத கொலையைச் செய்தாள் என்று ஒரு மகனை நம்பவைப்பதற்கு எந்த நரகம் என்று நூல்களில் தேடினால் கிடைக்கும். தேட எனக்கு மனமில்லை.

ஜெபக்கனிமேல் குற்றமில்லை என்று பிற்பகலில் தீர்ப்பு. அறங்காவலரையும் ஹரிஹரசுதனையும் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என் பணி திங்கட்கிழமையோடு முடிகிறது; சர்வரைச் சரிசெய்துவிட்டுப் போக வேண்டும்.

தாழ்வாரத்தில் ஜெபக்கனி நின்றிருந்தாள். நான் கைகூப்பினேன்.

“நன்றி சொல்லுவேன்னு எல்லாரும் பாக்காக” என்றாள். “எனக்கு வரல ஐயா.”

“வர வேண்டாம்மா” என்றேன்.

ஆவணி 29, ஞாயிறு

வீட்டுக் கடிகாரத்துக்கு பேட்டரி போட்டேன்.

ஆவணி 30, திங்கட்கிழமை

ஏழரைக்கு முன்பே போய்விட்டேன். ஆனால் தொடங்கவில்லை. ஹரிஹரசுதன் வந்து எட்டிப் பார்த்தார். முகம் வாடியிருந்தது.

“அண்ணாச்சி, இப்ப ராகு காலமில்லா? ஒம்பது மணிக்கு மேல பண்ணுங்களேன்.”

“அந்த வார்டுல படுத்திருக்கிறவன் ராகு காலத்துல மூச்ச நிறுத்தி வச்சுக்கிடுதானா? நீரு மொதல்ல அந்தத் திரையச் சரி பண்ணும். விடை வரலன்னா சிவப்பு வரணும்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மணி ஏழு நாற்பத்தொன்றானதும், விழா நாளின் அதே நிமிடத்தில், கடிகாரத்தை முன்னே நகர்த்தி, நிரலை ஓடவிட்டேன். எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். உலகம்மாள் கட்டிக்கொடுத்த இட்டிலி மேசைமேல் ஆறியது. எட்டேகாலுக்கு முதல் விடை வந்தது: 0.006. பிறகு 0.004. பிறகு எதிர்ப்பக்கம் 0.001. ஆடத் தொடங்கிவிட்டது. அதன்பின் உண்டேன்.

பதிவேட்டின் கடைசி வரியை இங்கும் எழுதி வைக்கிறேன்.

சர்வர் 12. திருத்துமுன் விலகல்: 18 நிமிடம் 40 நொடி. இதில் நாற்பது நொடி, இத்தனை நாள் கேட்பாரற்று ஓடியதால் இயந்திரம் தானே நழுவியது. பதினெட்டு நிமிடம் என்னுடையது.

— சிவசைலநாதன்